காத்திருப்பதா, மடை திறப்பதா, தூர் வாருவதா? விழித்திரை முன்னால் தேங்கிய ரத்தத்துக்கு மூன்று வழிகள்

தேவகோட்டையில் 22 வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் சென்ற ஒன்றரை வருஷத்தில் கண்ணுக்குள் ரத்தம் கசிந்த மூன்று பேருக்காக மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்ததில், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விவரம் சேர்ந்துவிட்டது. ஒருவன் என் சித்தப்பா மகன், வயது 29. ஒருவர் என் அம்மான், வயது 63. இன்னொருத்தி பக்கத்து வீட்டுப் பெண், அப்போது நான்கு மாதம் முழுகாமல் இருந்தாள். மூன்று பேருக்கும் தொல்லை ஒன்றுதான்: விழித்திரைக்கு முன்னால் ரத்தம் தேங்கிவிட்டது. தம்பிக்கு லேசர் வைத்தார்கள், அம்மானுக்கு ஆபரேஷன் செய்தார்கள், அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே செய்யவில்லை. மூன்றும் சரியான வைத்தியம்தான். இடம் மாற்றிச் செய்திருந்தால் அம்மான் ஒரு கண்ணை இழந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

முதலில் தம்பி கதை. பள்ளத்தூரில் ஒரு கல்யாண வீடு. தண்ணீர் நிரம்பிய பித்தளை அண்டாவை இன்னொருவனோடு சேர்ந்து தம் கட்டித் தூக்கியிருக்கிறான். இறக்கி வைத்து நிமிர்ந்தால் வலது கண்ணில் நடுவே கறுப்பாக ஒன்று நிற்கிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கிறது. அந்த வீட்டுப் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தவன், "அண்ணே, நடுவுல நாலு கல்லைக் காணோம்" என்றான். சுற்றியிருந்த பூவும் கட்டமும் தெளிவாகத் தெரிகின்றன. நடுவில் மட்டும் மை கொட்டிய மாதிரி. மறுநாள் காலையில் அந்தக் கறுப்புக்குக் கீழ்விளிம்பு ரசமட்டம் வைத்த மாதிரி நேராகிவிட்டது. மேல்பாதி இருட்டு, கீழ்பாதி மங்கல்.

ஏன் மேல்பாதி என்பதைப் பிற்பாடு டாக்டர் விளக்கினார். விழித்திரையில் படம் தலைகீழாகத்தான் விழுகிறது. ரத்தத்தின் கனமான பகுதி கீழே படிய, அது மறைப்பது பார்வையின் மேல்பக்கத்தை. உள்ளே எடுத்த படத்தைக் காட்டினார். அகல்விளக்கில் பாதிக்கு எண்ணெய் ஊற்றியது போல, மேலே நேர்கோடு, கீழே வளைவு. படகு வடிவம் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

இது எங்கே தேங்குகிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கண்ணுக்குள் முக்கால் இடத்தை நிரப்பியிருப்பது விட்ரியஸ் என்ற கூழ். அதன் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய உறை. அதை ஒட்டி விழித்திரை. விழித்திரைக்கும் கூழுக்கும் நடுவே வேலி போட்ட மாதிரி, விழித்திரைக்கு மேல்தோல் ஒன்று உண்டு. ரத்தக்குழாய் கசிந்தால் ரத்தம் இந்த உறைக்கும் விழித்திரைக்கும் நடுவிலோ, அந்த மேல்தோலுக்கு அடியிலோ மாட்டிக்கொள்கிறது. கரை உடையாத கண்மாயில் தண்ணீர் நிற்கிற மாதிரி. அது விழித்திரையின் ஓரத்தில் நின்றால் பலருக்குத் தெரியக்கூடத் தெரியாது. எழுத்துப் படிக்கவும் முகம் பார்க்கவும் உதவுகிற மாக்குலா என்ற நடுப்பகுதிக்கு மேலேயே நின்றால் ஒரு நொடியில் பார்வை போய்விடுகிறது.

கண்மாய்த் தண்ணீரை என்ன செய்யலாம்? வெயிலில் தானாக வற்ற விடலாம். மடையைத் திறந்து விடலாம். தண்ணீரை இறைத்துவிட்டுத் தூரும் வாரலாம். கண்ணுக்கும் இந்த மூன்று வழிகள்தாம். காற்றுக் குமிழி செலுத்தி ரத்தத்தை நடுவிலிருந்து ஒதுக்குகிற முறை ஒன்றும் உண்டு. எங்கள் மூவரில் யாருக்கும் அந்தப் பேச்சு வரவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

காத்திருப்பது சோம்பேறி வைத்தியம் என்று நம் ஊரில் நினைக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை, ஊசி எதுவும் இல்லாமல் திரும்பினால் பஸ் காசு தண்டம் என்று வருத்தம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அதுதான் நடந்தது. மசக்கை வாந்தி. குமட்டிக் குமட்டி எடுத்ததில் கண்ணில் ஒரு சின்னக் குழாய் வெடித்துவிட்டது. தம்பி தம் கட்டியபோது நடந்ததும் இதுவேதான். நெஞ்சிலும் வயிற்றிலும் அழுத்தம் திடீரென்று ஏற, அது சிரை வழியாகக் கண் வரைக்கும் பாய்கிறது. 1972இல் டுவேன் என்ற மருத்துவர் இதைத் தனியாக விவரித்தார். வால்சால்வா ரெட்டினோபதி என்று பெயர். இருமல், மலச்சிக்கலில் முக்குவது, பிரசவத்தில் முக்குவது, பாரம் தூக்குவது, எல்லாம் இதில் சேர்த்தி. குழாயில் நோய் இல்லை, அழுத்தத்தில்தான் வெடித்தது. அதனால் மறுபடி கசிகிற பயமும் குறைவு.

அவளுக்குத் தேங்கியது கொஞ்சம், அதுவும் நடுவைத் தொட்டும் தொடாமலும். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: தலையணையை உயர்த்திப் படு, வாந்திக்கு மருந்து சாப்பிடு, கனம் தூக்காதே, இரண்டு வாரம் கழித்து வா. இரண்டே மாதத்தில் ரத்தம் கரைந்துபோய்ப் பார்வை பழையபடி வந்துவிட்டது. செலவு என்றால் பஸ் டிக்கெட்டும் படம் எடுத்த காசும்தான்.

அப்படியானால் எல்லோரும் காத்திருக்கலாமே? இரண்டு காரணத்தால் முடியாது. ஒன்று, தேக்கம் பெரிதாக இருந்தால் வற்ற மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வேலை போய்விடும். இரண்டாவது காரணம்தான் பெரியது. ரத்தம் வெறும் திரை இல்லை. சிதைந்த ரத்தத்திலிருந்து வெளியாகும் இரும்புச்சத்து நாள்பட விழித்திரையைக் கெடுக்கும். மேலே ஒரு சவ்வு படர்ந்து சுருங்கி, ரத்தம் போன பிறகும் நேர்கோடுகள் நெளிந்தே தெரியும். காத்திருப்பது என்று முடிவெடுத்தால் தேதி போட்டுக் காத்திருக்க வேண்டும். "தானா சரியாயிரும்" என்று வீட்டில் இருப்பது வேறு விஷயம்.

தம்பிக்குக் காத்திருக்கக் கட்டுப்படியாகாது. காரைக்குடிக்கும் திருச்சிக்கும் சரக்கு வண்டி ஓட்டுகிறான். தேக்கமும் பெரிது. கண் நரம்பு உள்ளே நுழைகிற இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரு வட்டு உண்டு. அதைத்தான் அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். மூன்று வட்டு அகலத்துக்கு மேல் தேங்கியிருந்தால் லேசரைப் பற்றி யோசிப்பார்கள். இவனுக்கு ஐந்து இருந்தது. ஆறாவது நாள் லேசர்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் பக்கம் "கண்ணுக்கு லேசர் வச்சாச்சு" என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். இரண்டும் வேறு ஜாதி. சர்க்கரைக்காரர்களுக்கு வைப்பது பச்சை லேசர். அது சுடும். விழித்திரையின் ஓரங்களில் நூற்றுக்கணக்கான சின்னச் சூடுகள் போட்டு, கெட்ட குழாய்கள் முளைப்பதை அடக்கும். தேங்கிய ரத்தத்தை அது ஒன்றும் செய்யாது. தம்பிக்கு வைத்தது யாக் லேசர், 1064 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத ஒளி. அது சுடுவதில்லை, நுண்ணிய வெடி மாதிரி ஒரே புள்ளியில் கிழிக்கும். கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் இரண்டு வருஷம் கழித்து லென்ஸுக்குப் பின்னால் படிகிற சவ்வைத் துளைப்பதும் இதே மிஷின்தான். 1980களின் கடைசியில்தான் ஐரோப்பாவில் சில மருத்துவர்கள் இதை விழித்திரைக்கு முன்னால் தேங்கிய ரத்தத்துக்குப் பயன்படுத்தி எழுதினார்கள். மிஷின் சின்ன ஊர்களிலும் இருக்கலாம். மாக்குலாவுக்கு அவ்வளவு பக்கத்தில் அதைக் கையாளப் பழகிய ரெட்டினா டாக்டர் எல்லா ஊரிலும் இருக்க மாட்டார். மிஷின் இருக்கிறது என்பதற்காக உள்ளூரிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கட்சி.

செய்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். கண்மணி விரிய மருந்து விட்டார்கள், மரத்துப்போக ஒரு சொட்டு. மோவாயைத் தாங்கியில் வைத்து உட்கார வைத்து, பசை தடவிய கண்ணாடி லென்ஸ் ஒன்றைக் கருவிழி மேல் பொருத்தினார்கள். டாக்டர் குறி வைத்தது தேக்கத்தின் கீழ்விளிம்பில். நடுப்புள்ளியிலிருந்து தள்ளி, பெரிய குழாய்கள் இல்லாத இடமாகப் பார்த்து, ஆனால் பின்னால் ரத்தம் கனமாக நிற்கிற இடமாக. அந்த ரத்தமே மெத்தை மாதிரி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு விழித்திரையைக் காப்பாற்றுகிறது. தேக்கம் சின்னதாக இருந்தால் லேசர் வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம், மெத்தை போதாது. சக்தியைக் குறைவாக வைத்து ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டினார். டிக், டிக் என்று சத்தம். ஐந்தாறு தடவை இருக்கும். "திறந்துருச்சு" என்றார். பக்கத்தில் இருந்த திரையில் மெல்லிய சிவப்பு நூல் ஒன்று கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மடை வாயில் முதல் தண்ணீர் வருகிற மாதிரியேதான்.

இதற்குப் பிறகு நடப்பதை யாரும் எங்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். மறுநாள் தம்பி போனில் அழாத குறை. "அண்ணே, இப்ப மொத்தமா மங்கிருச்சு." முன்பு நடுவில் மட்டும் கறுப்பு, ஓரமெல்லாம் தெளிவு. இப்போது மழைக்கு மறுநாள் செம்மண் ஊரணித் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்த மாதிரி. கெட்டுப் போகவில்லை, ரத்தம் இடம் மாறியிருக்கிறது. உறைக்குள் இருந்தது கூழுக்குள் இறங்கிக் கலைந்துவிட்டது. அங்கிருந்து சில வாரங்களில் கரையும். தம்பிக்கு நான்காவது நாளே நடுப்பார்வை வந்துவிட்டது, மிதக்கிற புள்ளிகள் போக ஒன்றரை மாதம் ஆனது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சாவியைக் கையில் கொடுத்தோம்.

ஆபத்து இல்லாமல் இல்லை. 1998இல் வெளியான ஓர் ஆய்வில் 21 கண்களை நீண்ட நாள் கவனித்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நன்றாக வடிந்திருக்கிறது. ஒரு கண்ணில் மாக்குலாவில் ஓட்டை விழுந்தது, கிட்டப்பார்வைக்காரர் ஒருவருக்கு விழித்திரை விலகியது. சிலருக்கு ரத்தம் உறைந்திருந்ததால் வடியவே இல்லை, ஆபரேஷன் வரைக்கும் போனது. கடைசியாகச் சொன்னதுதான் நம் கையில் இருக்கிற விஷயம். ரத்தம் நீர்ப்பதமாக இருக்கும்போதுதான் மடை பயன்படும். வண்டல் இறுகிவிட்டால் மடையைத் திறந்தும் பயன் இல்லை. மூன்று வாரத்துக்குள் என்பது பொதுக் கணக்கு. முந்தினால் இன்னும் நல்லது.

அம்மானுக்கு அந்த மூன்று வாரம் போனது எப்படி என்பதைச் சொல்ல எனக்கே வெட்கம். அவருக்கு 18 வருஷச் சர்க்கரை. இடது கண்ணில் புகை மாதிரி என்று ஓரிடத்தில் காட்டியிருக்கிறார். கண்மணியை விரித்துப் பின்பக்கம் பார்க்காமலேயே சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து வாரம் அதை விட்டார். அந்தச் சொட்டு மருந்தை வாங்கியது என் கடையில். இரண்டு பாட்டில், நானே பையில் போட்டுக் கொடுத்தேன். கண்ணுக்குள் பின்பக்கம் தேங்கிய ரத்தத்தைக் கரைக்கிற சொட்டு மருந்து எதுவும் இல்லை. அதை அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும்.

தம்பி கதை தெரிந்த பிறகு அம்மான் பிடிவாதம். "அவனுக்கு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு மாப்பிள்ளை. எனக்கு மட்டும் என்னத்துக்கு ஆபரேஷன்? அந்த லேசரையே வைக்கச் சொல்லு." நியாயமான கேள்விதான். படமும் அதே படகு. ஆனால் அம்மானுக்குக் கசிந்தது நல்ல குழாய் இல்லை. சர்க்கரையால் விழித்திரைக்கு ரத்த ஓட்டம் குறைந்து, அதை ஈடுகட்ட முளைத்த வலுவற்ற புதுக் குழாய்கள். அவை கூழின் உறையைப் பிடித்துக்கொண்டு படர்கின்றன, கூடவே நார் மாதிரி சவ்வும் வளர்கிறது. தேங்கிய ரத்தம் அந்தச் சவ்வுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரி. சவ்வு சுருங்கினால் விழித்திரையைப் பிய்த்து இழுத்துவிடும். மடையைத் திறந்து ரத்தத்தை வடித்தாலும் பந்தலும் கொடியும் அப்படியே நிற்கும். போதாததற்கு ஐந்து வாரத்தில் ரத்தம் உறைந்தும் விட்டது. மங்கலால் உள்ளே சரியாகத் தெரியாததால், மூடிய இமை மேல் வைத்து ஒலி ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு பக்கம் இழுவை ஆரம்பித்திருப்பது அதில் தெரிந்தது.

அதனால் விட்ரெக்டமி. 1970 வாக்கில் ராபர்ட் மாக்கெமர் தொடங்கி வைத்த ஆபரேஷன். இன்றைக்கு அரை மில்லிமீட்டர் பருமனுள்ள குழல்களை வெள்ளை விழி வழியாக நுழைத்துச் செய்கிறார்கள், பல சமயம் தையலே தேவைப்படுவதில்லை. கூழை வெட்டி உறிஞ்சி, உறையை உரித்து, ரத்தத்தை எடுத்து, சவ்வை நறுக்கி, அங்கேயே பச்சை லேசரும் வைத்துவிடுவார்கள். தூர் வாருவது என்று நான் சொன்னது இதைத்தான். அம்மானுக்குக் கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்க வைத்துச் செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சில நாள் முன்னதாகக் கண்ணுக்குள் ஓர் ஊசி போட்டார்கள், புதுக் குழாய்களைச் சுருக்கி ஆபரேஷனில் ரத்தம் கொட்டாமல் பார்த்துக்கொள்ள. அந்த ஊசியைப் போட்டுவிட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. குழாய் வற்றும்போது சவ்வும் இறுகி இழுவை அதிகமாகலாம்.

செலவிலும் சிரமத்திலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். யாக் லேசர் நாற்காலி வைத்தியம், காலையில் போய் மாலையில் வந்துவிடலாம். விட்ரெக்டமிக்குப் பல மடங்கு செலவு, தொடர்ந்து போய் வர வேண்டும், சொந்த லென்ஸ் உள்ள 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குள் கண்புரை வந்துவிடும், அதற்கும் ஓர் ஆபரேஷன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ வேறு காப்பீடோ இருந்தால் எது அதில் அடங்கும் என்று சேர்வதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு மட்டுமேயான ஒரு விஷயமும் இருக்கிறது. பாதிக் குடும்பம் சிங்கப்பூர், மலேசியாவில். ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் வாயு நிரப்பினால், அது கரையும் வரை விமானம் ஏறவே கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிடும். வாயுவைப் பொறுத்து இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை. கொடைக்கானல் பஸ்ஸும் கூடாது. திருச்சியிலிருந்து டிக்கெட் போட்டு வைத்திருப்பவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அம்மானுக்கு வாயு தேவைப்படவில்லை. ஆனால் வலது கண்ணிலும் புதுக் குழாய் முளைக்க ஆரம்பித்திருந்தது. அங்கே ரத்தம் இன்னும் கசியவில்லை. அதற்கு ஊசியா, பச்சை லேசரா என்று அடுத்த கேள்வி. 2015இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் இரண்டு வருஷ முடிவில் ஊசி லேசருக்குச் சளைக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் ஊசி என்றால் மாதாமாதம் போல வர வேண்டும். நடுவில் காணாமல் போகிறவர்களுக்கு ஊசி மட்டும் போட்டிருந்தால் நிலைமை லேசரைவிட மோசமாகிறது. வருஷத்தில் நான்கு மாதம் மகன் வீட்டில், மலேசியாவின் ஈப்போவில் இருக்கிற மனிதருக்கு எது பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

டாக்டரிடம் நாங்கள் கேட்ட கேள்விகளில் உருப்படியானவை நான்குதான். ஏன் கசிந்தது? எத்தனை நாள் ஆயிற்று, ரத்தம் இன்னும் நீர்ப்பதமா? எவ்வளவு அகலம், நடு மறைந்திருக்கிறதா? இழுவை இருக்கிறதா? முதல் கேள்வியை விட்டுவிட்டு மற்றதற்குப் போகாதீர்கள். சர்க்கரையும் இல்லை, தம் கட்டவும் இல்லை என்றால் பிபி பார்க்க வேண்டும். பிபி உள்ள வயதான ஆச்சிமார்களுக்கு விழித்திரைத் தமனி பலூன் மாதிரி வீங்கி வெடிப்பதுண்டு. ரத்தப் பரிசோதனையும் வேண்டும், தட்டணுக்கள் குறைந்தாலும் இப்படிக் கசியும். இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம், எழுதிக் கொடுத்தவரைக் கேட்டுத்தான் எதுவும். மின்னல் அடிப்பது போல ஒளி தெரிந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

சர்க்கரைக்காரர் என்றாலே யாக் கூடாது என்றும் இல்லை. இழுவை இல்லாமல், ரத்தம் புதிதாக இருந்தால் யாக் வைத்து வடித்துவிட்டு, பார்வை தெளிந்ததும் பச்சை லேசர் வைப்பதுண்டு. அம்மான் முதல் வாரத்திலேயே மதுரைக்குப் போயிருந்தால் அவருக்கும் அந்த வாய்ப்பு இருந்திருக்கலாம். இப்போது இடது கண்ணில் பஸ் போர்டு படிக்கிறார், பேப்பர் படிக்க முடியவில்லை. வலது கண்ணுக்குப் பச்சை லேசர் மூன்று தவணை, இரண்டு முடிந்தது. ஈப்போ டிக்கெட்டை மூன்றாவது தவணைக்கு அப்புறமாக மாற்றிப் போட்டிருக்கிறோம். கடையில் என் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். கண் மங்கல் என்று சொட்டு மருந்துச் சீட்டோடு வருகிறவர்களை அதில் உட்கார வைத்து, ஒரு கண்ணைப் பொத்தித் தரையைப் பார்க்கச் சொல்கிறேன். ஆத்தங்குடிக் கல் இல்லை, சாதாரண டைல்ஸ்தான். கட்டம் தெரிகிறதா என்று கேட்க அது போதும்.